மறைக்காமல் விட்ட ஒட்டு

டிங்கர் வேலைக்காரனுக்குக் கிடைக்கக்கூடிய பாராட்டு ஒன்றே ஒன்றுதான். கார்க்காரர் வந்து, நசுங்கிக் கிடந்த இடத்தைத் தேடித் தேடிப் பார்த்துவிட்டு, "எவடத்திலை செய்தனீங்கள்? ஒண்டும் தெரியேல்லையே!" என்று சொல்ல வேண்டும். தெரிந்தால் அது வேலை இல்லை, ஒட்டுப்போட்ட பழந்துணி. யாழ்ப்பாணத்தில் பதினொரு வருடமும் ஜேர்மனியில் முப்பத்தேழு வருடமும் இந்த ஒரு வசனத்தைக் கேட்கவே நான் தகரத்தோடு மல்லுக்கட்டினேன்.

போன வருடம் ஓய்வு பெற்றேன். கடைசி நாள் கராஜில் கேக் வெட்டினார்கள். கூட வேலை செய்த பொடியன்களில் ஒருவன், "நேசன், உங்கள் கையால் செய்ததில் எது மிகத் திறமான வேலை?" என்று கேட்டான். நான் யோசிக்கவே இல்லை. "ஒரு பச்சை மஸ்டாங் காரின்ரை உள்தகரத்திலை நாலு விரல் நீளத்துக்கு ஒரு ஒட்டு இருக்கு. பார்க்க அருவருப்பா இருக்கும். அதுதான்," என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். கிழவன் பகிடி விடுகிறார் என்று நினைத்துக் கேக்கைத் தின்னப் போய்விட்டார்கள். எனக்குச் சரியான கோபம். ஆனால் அந்தக் கதையை இரண்டு வசன டொச்சில், அதாவது ஜேர்மன் மொழியில், சொல்லவும் ஏலாது. ஆகவே தமிழில், ஆறுதலாக எழுதுகிறேன்.

என் பழைய தொழிலைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். பதினேழு வயதில் யாழ்ப்பாணத்தில் ஒரு கராஜில் சேர்ந்தேன். எங்களூரில் ஓடியவை எல்லாம் வெள்ளைக்காரன் காலத்து ஒஸ்டின், மொரிஸ் கார்கள். மாற்றுத் தகரம் வராது, வந்தாலும் வாங்க ஆளில்லை. துருப்பிடித்து உக்கிய இடத்தை வெட்டி எறிந்து, எண்ணெய்ப் பீப்பாய்த் தகரத்தை அடித்து வளைத்து வைப்போம். மேடுபள்ளம் நிரப்பிப் பூசுகிற பட்டியும் கிடையாது. பழைய பற்றறித் தட்டுகளை உருக்கி, வெள்ளீயம் கலந்து, அந்த ஈயத்தைத்தான் இழைப்போம். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்துக்குப் பிறகு ஊரில் இருக்க முடியாமல் போனது. கலியாணம் கட்டி ஒரு வருடம். மனைவி ராணியையும் கைக்குழந்தையையும் மாமியார் வீட்டில் விட்டுவிட்டு, எண்பத்து நாலில் கிழக்கு பேர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கினேன். கிழக்கில் இறங்கி, ரயிலேறி மேற்கு பேர்லினுக்குள் வந்தேன். அங்கிருந்து டார்ம்ஸ்டாட்டுக்குத் தெற்கே ஒரு சிற்றூர் அகதி விடுதிக்கு அனுப்பினார்கள். இரண்டு வருடம் வேலை செய்ய அனுமதி இல்லை. ஒரு அறையில் ஆறு பேர். சமைப்பது, சாப்பிடுவது, சண்டை பிடிப்பது, ஊர்க் கடிதத்துக்குக் காத்திருப்பது. சும்மா இருப்பதைப்போல ஒரு கடின வேலை உலகத்தில் இல்லை.

நடக்கத் தடையில்லை, அதனால் நடப்பேன். ஊர் எல்லையில் ஒரு கராஜ் இருந்தது. வாசலில் எப்போதும் நாலைந்து பென்னாம்பெரிய அமெரிக்கக் கார்கள். பக்கத்து முகாம்களில் இருந்த அமெரிக்க ஆமிக்காரர்கள் கப்பலில் கொண்டுவந்த கார்கள் அவை. மாற்றலாகிப் போகும்போது விட்டுவிட்டோ விற்றுவிட்டோ போவார்கள். எட்டுச் சிலிண்டர், இரண்டே கதவு, மூக்கு மட்டும் ஒரு கட்டில் நீளம். ஜேர்மன்காரன் குளிருக்குத் தெருவில் கொட்டுகிற உப்பு அந்தத் தகரத்தைத் தின்றே தீர்த்திருக்கும். ஒருநாள் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். உள்ளே ஒரு மனிதர் ஒரு கதவின் கீழ்விளிம்பில் பிளாஸ்டிக் பட்டியை அப்பிக்கொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்த்தால் அவருக்கே அது பிடிக்கவில்லை என்று தெரிந்தது. என் வாய் சும்மா இருக்குமா? "நிக்ஸ் குட்!" என்று கத்திவிட்டேன். எனக்கு அப்போது தெரிந்த டொச்சில் பாதி அது.

அவர்தான் மைஸ்டர் ஹோல்ஸ். மைஸ்டர் என்றால் இங்கே பரீட்சை எழுதிப் பட்டம் பெற்ற தலைமைத் தொழிலாளி. அவர் பட்டியை வழித்தெறிந்துவிட்டு, கதவைத் திறந்து, உள்ளே வா என்று கை காட்டினார். அவர் கதைத்ததெல்லாம் டொச். ஆனால் எனக்குள் அது எங்கள் தமிழாகவே பதிந்து கிடக்கிறது, அப்படியே எழுதுகிறேன்.

"நல்லமில்லை எண்டால், எது நல்லது?"

ஈயம் என்று சைகையால் சொன்னேன். ஒரு மூலையில் தூசி படிந்த ஈயக் குச்சிகள் கிடந்தன. அவருடைய தகப்பன் காலத்துக் குச்சிகள். நசுங்கிய ஒரு மட்கார்டை மேசையில் வைத்துவிட்டு, தன் சாப்பாட்டுப் பாணை எடுத்துக்கொண்டு எதிரே குந்தினார். இழைக்கிற மரத் தகடு இல்லை. நான் விடுதிக்கு ஓடிப்போய் எங்கள் மர அகப்பையைக் கொண்டுவந்து, அதைச் செதுக்கித் தட்டையாக்கி, மெழுகு தடவினேன். அன்றைக்கு ஆறு பேரும் கறியை முள்ளுக்கரண்டியால் கிண்டினார்கள் என்பது வேறு கதை.

தகரத்தை வெள்ளி மாதிரி சுரண்டி எடுக்க வேண்டும். முதலில் மெல்லிய வெள்ளீயப் பூச்சு, சூடு காட்டிப் பஞ்சுத் துணியால் துடைக்க, தகரம் பளபளக்கும். அந்த மினுக்கம் இல்லாத இடத்தில் ஈயம் பிடிக்காது. பிறகு சுவாலையை ஈயக் குச்சிக்கும் தகரத்துக்கும் மாறி மாறிக் காட்ட வேண்டும், ஓரிடத்தில் நிற்கவே கூடாது. ஈயம் கட்டியாகவும் இல்லாமல் தண்ணியாகவும் இல்லாமல் சட்டியில் தொதல் இனிப்பு இறுகுகிற பதத்துக்கு ஒரு கணம் வரும். அந்தக் கணத்தில் அகப்பையால் இழுத்துவிட வேண்டும். பிந்தினால் சொட்டி நிலத்தில் விழும். கடைசியில் வளைந்த பல் அரத்தால் இழைப்பு. மைஸ்டர் பாணைக் கடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே பார்த்தார். நான் முடித்ததும் கண்ணை மூடிக்கொண்டு மூன்று விரல்களால் தகரத்தின் மேல் தடவினார். போனார், வந்தார், திரும்பத் தடவினார்.

"நா யா," என்றார்.

இந்த 'நா யா' என்பதற்கு 'பரவாயில்லை' என்று பொருள் சொல்லலாம். மைஸ்டரிடம் அதற்கு மேல் பாராட்டும் கிடையாது, கீழ் ஏச்சும் கிடையாது. எந்த 'நா யா' எது என்று அவர் புருவத்தைப் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும்.

எனக்கு வேலை அனுமதி எடுக்க அவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. அந்த வேலையைச் செய்ய ஒரு ஜேர்மன்காரன் இல்லையென்று வேலைக் கந்தோருக்கு, அதாவது வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கு, நிரூபித்தால்தான் அகதிக்கு அனுமதி. மைஸ்டர் விளம்பரம் போட்டார். மூன்று பேர் வந்தார்கள். மூவருக்கும் அதே மட்கார்டு, அதே ஈயம். ஒருவர் ஈயத்தைத் தன் சப்பாத்தில் ஊற்றிக்கொண்டார், பாவம். மற்ற இருவரும் பட்டி எங்கே என்று கேட்டார்கள். அதன்பிறகு கந்தோர் எனக்கு ஒரு பெர்மிற் கடதாசி தந்தது: இந்த ஒரு கராஜில் மட்டும், ஒரு வருடத்துக்கு மட்டும். அதை நான் கந்தசஷ்டி கவசம் மாதிரி சட்டைப் பையில் வைத்துத் திரிந்தேன். அகதி வழக்கு இன்னும் தீர்ப்பாகவில்லை. வழக்கு வென்றால் ராணியையும் மகளையும் கூப்பிடலாம். ஒரு பிழையும் இல்லாமல் இருந்தால் வெல்லலாம் என்று எல்லோரும் சொன்னார்கள்.

மைஸ்டரின் கராஜில் சட்டங்கள் இருந்தன. ஒன்பது மணிக்குக் கோப்பி, ஒன்பதே காலுக்குக் கோப்பை கழுவியிருக்க வேண்டும். எதையும் வெட்டுவதற்கு முன் உடனே படம் வரும் கமராவால் ஒரு படம். கழற்றியது, வெட்டியது எதுவாக இருந்தாலும், உக்கல் தகரம்கூட, எந்தக் கார், எந்த இடம் என்று துண்டு எழுதிக் கட்டிப் பெட்டிக்குள் போட வேண்டும். கார் வாசலைத் தாண்டும்வரை பெட்டி வெளியே போகாது. "கார்க்காரர் கேட்டால் காட்ட வேணும். இது அவரின்ரை சாமான், எங்கட குப்பை இல்லை," என்பார். எல்லோரையும், என்னையும், 'நீங்கள்' என்றுதான் கூப்பிடுவார். இரண்டு வருடம் விடுதியில் 'நீ' கேட்டுக் கேட்டுப் புளித்திருந்த எனக்கு அந்த 'நீங்கள்' வயிற்றை நிறைத்தது.

சனிக்கிழமை வந்தால் கராஜ் கோவில் திருவிழா மாதிரி. கார்ப் பைத்தியங்கள் எல்லாம் கூடும். ஒருவர் மின்சாரம் திருத்துபவர், ஒருவர் பல்வைத்தியர், ஒருவர் வெதுப்பகக்காரர். ஒருவருக்குப் பின்சில்லில் அகல ரயர் வேண்டும், இன்னொருவருக்குக் கதவுக்குக் கீழால் சைலென்சர் வர வேண்டும். எல்லோருக்கும் பொதுவான ஆசை சத்தம். சாவியைத் திருப்பினால் பக்கத்து ஊர் மாடு வெருள வேண்டும். ஆனால் இந்த நாட்டில் ஒரு ரயரின் அகலத்தைக் கூட்டினாலும் சோதனை நிலையத்துப் பொறியியலாளர் வந்து பார்த்து, காரின் பத்திரத்தில் எழுதிக் கையெழுத்து வைத்தால்தான் தெருவுக்குப் போகலாம். அதனால் பாதி நேரம் எஞ்சினைப் பற்றியும் மீதி நேரம் பொறியியலாளர் கிராமரைப் பற்றியும் கதைப்பார்கள். கிராமர் எங்கள் வட்டாரத்துச் சோதகர். அவர் சாவி கொழுவும் திறப்புக் கோர்வையில் ஒரு சின்னக் காந்தம் தொங்கும். அதைக் கண்டால் பல்வைத்தியருக்கே பல்லுக் கூசும்.

இனி அந்த மஸ்டாங். அது வெதுப்பகக்காரர் ஸ்டெஃபனுடையது. மனிதர் விடியமுதல் எழும்பிப் பாண் சுட்டு, மத்தியானம் வேலை முடிந்ததும் நேரே எங்களிடம் வருவார். புருவத்தில் மா ஒட்டியிருக்கும், கையில் எனக்கு ஒரு பை பணிஸ். அறுபதுகளில் செய்த கார், ஐந்து வருடமாகக் கொட்டிலில் கிடந்தது. அவருக்கு மகள் பிறந்திருந்தாள். அவளை முதன்முதலாக அந்தக் காரில்தான் ஊரைச் சுற்றிக் காட்ட வேண்டும் என்று நேர்த்தி வைத்த மாதிரி அலைந்தார். எனக்கு அந்தக் கதை நெஞ்சில் குத்தும். என் மகள் நடக்கத் தொடங்கியதைக் கடிதத்தில்தான் வாசித்தேன்.

ஓகஸ்ட் மாதம் மைஸ்டர் மூன்று கிழமை லீவில் வடகடல் தீவொன்றுக்குப் போனார். ஜேர்மன்காரனின் லீவு என்றால் யமன் வந்தாலும் பிறகு வா என்பான். போகும்போது எனக்கு ஒரு பட்டியல் எழுதித் தந்தார்: இரண்டு கதவு, கீழ்ச்சட்டம், பின்பக்கம், பிறகு பச்சை நிறம். சோதனைக்கான நாளையும் ஸ்டெஃபன் எடுத்துவிட்டார், மைஸ்டர் திரும்பி வந்த மறுநாள். கமரா இருந்த அலுமாரியைப் பூட்டித் திறப்பை மறந்துபோய்த் தன் பையில் கொண்டுபோய்விட்டார்.

பட்டியலை இரண்டு கிழமையில் முடித்தேன். அப்போதுதான் பொனற்றைத் தூக்கி வலப்பக்கம் பார்த்தேன். அந்தக் காரில் பற்றறி இருப்பது வலது பக்கம். பற்றறி அமிலம் வழிந்து, எஞ்சினுக்கும் சில்லுக்கும் நடுவில் நிற்கும் உள்தகரத்தைச் சல்லடை ஆக்கியிருந்தது. நடுவில் ஒரு தீப்பெட்டியை விடக் கொஞ்சம் நீளமான இடம் மட்டும் தப்பியிருந்தது. அதில்தான் காரின் அடையாள இலக்கம் குத்தியிருந்தது. பத்திரத்தில் இருக்கிற இலக்கமும் இந்த இலக்கமும் ஒன்றாக இருந்தால்தான் கார் இந்தக் கார்.

ஊரில் நாங்கள் இதை நூறு தரம் செய்திருக்கிறோம். இலக்கம் காரின் உயிர். சுற்றி உக்கினால் உயிரை மட்டும் வெட்டி எடுத்துப் புதுத் தகரத்தில் வைத்துத் தைப்போம். இலக்கத்தை எறிந்தால்தான் பாவம், காப்பாற்றினால் புண்ணியம். அதையேதான் செய்தேன். இலக்கத்தைச் சுற்றிக் கைவாளால் வெட்டினேன். கீழ் மூலையில் தொழிற்சாலைக்காரன் வெல்டிங்கால் வைத்த வட்டமான ஒட்டுப் புள்ளி ஒன்று குறுக்கே வந்தது. வாள் கொஞ்சம் சறுக்கி அதன் நடுவால் போய், மூலை கோணலாகிவிட்டது. உக்கின மிச்சத் தகரத்தைக் கழற்றிவிட்டு, புதுத் தகரத்தை அடித்து, மடித்து, அந்தக் கோணலுக்கே சரியாக ஜன்னல் வெட்டி, துண்டை வைத்து, வெல்டிங் பிடித்து, சூட்டோடு தட்டி, மேலே ஈயம் இழைத்து, அரம் போட்டேன். பிறகு பச்சை நிறம். கண்ணை மூடி மூன்று விரலால் தடவினேன். ஒன்றுமே இல்லை! என் வாழ்க்கையில் நான் செய்த மிக வடிவான வேலை. ஸ்டெஃபன் வந்து பார்த்து, "எங்கை திருத்தினனீங்கள்?" என்று கேட்டார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஆனைக்கும் அடி சறுக்கும் என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

மைஸ்டர் வந்த மறுநாள் அவரும் ஸ்டெஃபனும் நானுமாகச் சோதனை நிலையத்துக்குப் போனோம். கிராமர் நல்ல மனநிலையில் இருந்தார். பிரேக், லைற், கீழ்ச்சட்டம் எல்லாம் சரி. பொனற்றைத் திறந்து இலக்கத்தைப் பத்திரத்தோடு ஒப்பிட்டார், அதுவும் சரி. பேனையை எடுத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, திறப்புக் கோர்வையை எடுத்துக் காந்தத்தை இலக்கத்தின் மேல் வைத்தார். ஒட்டிக்கொண்டது. ஒரு விரல் தள்ளி வைத்தார். வழுக்கி விழுந்தது. மேலே வைத்தார், விழுந்தது. கீழே, இடம், வலம், நாலு பக்கமும் விழுந்தது. ஈயத்தில் காந்தம் ஒட்டாது.

பேனை மூடுகிற சத்தம் எனக்குக் கேட்டது.

"இதை ஆர் செய்தது?"

மைஸ்டருக்கு என்னவென்றே தெரியாது. குனிந்து பார்த்தார். அவர் புருவத்தில் நான் அதுவரை பார்க்காத ஒன்று வந்தது. நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "நான்தான் செய்தனான்," என்றேன். பாராட்டப் போகிறார் என்று நினைத்தேன். என்ன விசரன் நான்!

கிராமர் மெல்லமாகத்தான் பேசினார். "களவெடுத்த காருக்கு வேறை காரின்ரை இலக்கத்தை வைக்கிறவை இப்பிடித்தான் செய்யிறவை. வெட்டி, வைச்சு, மறைக்கிறது. இந்தளவு வடிவா நான் கண்டதில்லை." பத்திரத்தைத் தன் மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினார். "இந்த இலக்கம் இந்தக் காரிலை பிறந்தது எண்டு வெள்ளிக்கிழமைக்குள்ளை எனக்குக் காட்டுங்கோ. ஏலாதெண்டால் நான் பொலிசுக்கு எழுத வேணும். எனக்கு வேறை வழியில்லை."

ஸ்டெஃபன் வெளியே படியில் குந்திவிட்டார். மைஸ்டர் எங்களை ஏற்றிக்கொண்டு திரும்பினார். கராஜ் வாசலில் நிறுத்தித்தான் கேட்டார்.

"வெட்டின துண்டுகள் பெட்டிக்குள்ளை இருக்கோ?"

பெட்டியைக் கொட்டினோம். கதவு விளிம்பு இருந்தது, கீழ்ச்சட்டம் இருந்தது, எல்லாவற்றிலும் துண்டு எழுதிக் கட்டியிருந்தது. பட்டியலில் இருந்ததெல்லாம் இருந்தது. பட்டியலில் இல்லாத அந்த உள்தகரம் மட்டும் இல்லை. படமும் இல்லை. எங்கே போட்டேன் என்று தலையைக் குடைந்தேன், நினைவு வரவில்லை. இரும்புக் குப்பை லொறி போன கிழமைதான் வந்து போயிருந்தது.

விடுதியில் குணம் அண்ணையிடம் போனேன். எனக்கு முதலே வந்தவர், ஊரில் கந்தோரில் வேலை செய்தவர், எங்கள் எல்லோருக்கும் கடிதம் வாசித்துச் சொல்லுபவர். கேட்டதும் பேயறைந்த மாதிரி ஆனார்.

"அட விசரா! காரின்ரை இலக்கத்தை வெட்டினனியா? உனக்கு இஞ்சத்தைச் சட்டம் தெரியுமே?"

"ஊரிலை செய்யிறதுதானே அண்ணை. நான் அதைக் காப்பாத்தினனான்."

"நீ காப்பாத்தினனி எண்டு உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். பொலிசுக்கு ஒருக்கா உன்ரை பேர் போச்செண்டால், உன்ரை அகதி வழக்கு அவ்வளவுதான். பெர்மிற்றும் போம். ராணியைக் கூப்பிடுற கதையும் போம். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி!" ஏசி முடிந்ததும் என் தோளில் கை வைத்தார். "மடியிலை கனமில்லாட்டி வழியிலை பயமில்லை. உள்ளதைச் சொல்லு. ஆனால் உள்ளதைக் காட்டவும் ஏதும் வேணுமடா தம்பி."

அடுத்த நாள் எனக்குக் கை ஓடவில்லை. ராணியின் கடைசிக் கடிதம் சட்டைப் பையில் பெர்மிற்றோடு இருந்தது. குழந்தை என் படத்தைக் காட்டி அப்பா என்கிறாளாம். மைஸ்டர் எனக்குப் பதிலாக ஒரு கதவுக்கு அரம் போட்டுக்கொண்டிருந்தார். ஒன்பது மணி ஆனதும் அரத்தைக் கொண்டுபோய், சுவரில் நான் அதை மாட்டி வைக்கும் இடத்தில் தொங்கவிட்டார். கோப்பி ஊற்றப் போனவர் நின்றார். திரும்பி வந்து அரத்தை எடுத்தார். சுவரைப் பார்த்தார்.

"நேசன், இந்தத் தட்டு எப்ப வந்தது? நான் லீவிலை போகேக்கை இது இல்லை."

என்ரை நல்லூர்க் கந்தா! நான் எழும்பின வேகத்தில் கதிரை விழுந்தது.

யாழ்ப்பாணத்துக் கராஜ்காரன் எதையும் எறிய மாட்டான். தேங்காய்ச் சிரட்டையில் கிறீஸ் வைப்பான், பழைய ரியூப்பில் வார் வெட்டுவான். அந்த உக்கல் தகரம் ஏற்கெனவே தட்டுப்போல மடிந்திருந்தது, நடுவில் நீளமான ஓட்டை. என் வளைபல் அரத்தின் கைப்பிடி அதில் கச்சிதமாகத் தொங்கும். வெட்டிய அன்றே நாலு ஆணி அடித்துச் சுவரில் மாட்டிவிட்டு மறந்துபோனேன். மைஸ்டரின் சட்டப்படி அது பெட்டிக்குள் போகவில்லை. எங்களூர்ப் பழக்கத்தால் குப்பைக்கும் போகவில்லை.

வெள்ளிக்கிழமை காலை காஸ் சிலிண்டரையும் அகப்பையையும் அந்தத் தகரத்தையும் மஸ்டாங்கில் ஏற்றிக்கொண்டு, ஸ்டெஃபனோடு சோதனை நிலையத்துக்குப் போனோம். கிராமர் தகரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது ஒரு ஓட்டை. எந்தக் கார் எண்டு ஓட்டை சொல்லுமோ?" என்றார்.

மைஸ்டர் என்னைப் பார்த்தார். செய்ய வேண்டியது என்னவென்று இருவருக்கும் தெரியும். அவர் வாயால் சொல்லவில்லை. "உங்கட வேலை," என்றார். "நீங்கள்தான் தீர்மானிக்க வேணும்."

சுவாலையைப் பற்றவைத்தேன். பச்சை நிறம் கொப்பளித்துக் கருகியது. பிறகு ஈயம் மினுங்கி, வியர்த்து, துளி துளியாக இறங்கியது. வைக்கும்போது இறங்கக் கூடாது என்று எவ்வளவு கவனமாக இருந்தேனோ, அவ்வளவு கவனமாக இப்போது இறக்கினேன். பஞ்சுத் துணியால் துடைத்தேன். அடியில் இருந்து என் வெல்டிங் வரி எழும்பி வந்தது. கறுத்து, சொரசொரவென்று, நாலு பக்கமும். ஒரு மூலை கோணல். எனக்கு அழுகை வந்தது, வெட்கமில்லாமல் சொல்லுகிறேன். என் கையால் வந்த மிக வடிவான வேலையை என் கையாலேயே அழித்துக்கொண்டிருந்தேன்.

ஆறியதும் கிராமரே அந்த உக்கல் தகரத்தை எடுத்து மேலே வைத்தார். மடிப்பு மடிப்பின் மேல் குந்தியது. ஓட்டைக்குள் இலக்கம் வந்து நின்றது, கோணல் மூலைக்குக் கோணல் மூலை. அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு முகத்தைக் கிட்டக் கொண்டுபோனார். நான் விரலை நீட்டி அந்த மூலையைக் காட்டினேன். வாள் சறுக்கி வெட்டிய தொழிற்சாலை ஒட்டுப் புள்ளி. பாதி பழைய தகரத்தில் இருந்தது, நகம் வெட்டின அளவில் மறுபாதி இலக்கத்துண்டில் இருந்தது. இரண்டும் சேர்ந்து வட்டமாயின.

கிராமர் தகரத்தை எடுத்துவிட்டுத் திரும்ப வைத்துப் பார்த்தார். வட்டம் அப்படியே வந்தது.

"ஏன் மறைச்சனீங்கள்?" என்று கிராமர் கேட்டார். இப்போது அவர் குரல் வேறு மாதிரி இருந்தது.

"மறைக்கிறதுதான் என்ரை தொழில்," என்றேன். என் டொச்சில் அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. அவர் சிரித்துவிட்டார். காந்தக்காரர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

அப்போது மைஸ்டர் முன்னுக்கு வந்தார். "பிழை என்னிலையும் இருக்கு. செய்ய வேண்டியதை எழுதிக் குடுத்தனான். செய்யக் கூடாததை எழுதிக் குடுக்கேல்லை. கராஜ் என்ரை பேரிலை இருக்கு. எழுதிறதெண்டால் என்ரை பேரை எழுதுங்கோ."

கிராமர் லாச்சியைத் திறந்து பத்திரத்தை எடுத்தார். நீளமாக எழுதினார். பிறகு தன் முத்திரைக் குத்தியை எடுத்து, ஒட்டின் இரண்டு தலைப்பிலும் சுத்தியலால் ஒவ்வொரு தட்டுத் தட்டினார்.

"இந்த ஒட்டு இப்பிடியே இருக்க வேணும். ஈயம் வைக்கக் கூடாது, அரைக்கக் கூடாது, நிறமும் பூசக் கூடாது. துருப்பிடிக்காமல் வெறும் வார்னிஷ் மட்டும். இந்தக் கார் உள்ளவரைக்கும் எல்லாரும் பாக்க வேணும்."

டிங்கர்காரனுக்கு இதைவிடக் கடுமையான தண்டனை உண்டா? ஆனால் எனக்கு அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்ற வேண்டும் போல இருந்தது. திரும்பும் வழியில் மைஸ்டர் என் பக்கம் பார்க்காமலே, "நா யா," என்றார். இந்த முறை புருவத்தைப் பார்க்காமலே எனக்கு விளங்கியது. அந்த உக்கல் தகரத்தை அவரே துண்டு எழுதிக் கட்டி ஸ்டெஃபனிடம் கொடுத்தார். எனக்குப் புது அரத் தட்டு ஒன்று செய்து தந்தார், கடைசி ஆணிவரை நேராக. ஸ்டெஃபன் அடுத்த ஞாயிறு மகளை மடியில் வைத்த தன் மனைவியோடு ஊரை மூன்று சுற்றுச் சுற்றினார். மாடுகள் வெருண்டனவா தெரியாது, எங்கள் விடுதிக்காரர் எல்லோரும் ஜன்னலால் எட்டிப் பார்த்தார்கள்.

பெர்மிற் அந்த வருடமும் அடுத்த வருடமும் புதுப்பிக்கப்பட்டது. எண்பத்தெட்டில் வழக்கு வென்றது. எண்பத்தொன்பதில் ராணி வந்தாள், நாலரை வருடம் காணாத மகளோடு. மகள் என்னைக் கண்டு தாயின் சீலைக்குப் பின்னால் ஒளித்தாள். மைஸ்டர் அன்றைக்கு எனக்கு லீவு தந்துவிட்டு, விமான நிலையத்துக்குத் தானே காரை ஓட்டி வந்தார். அவர் இப்போது இல்லை. கிராமரும் இல்லை.

இந்தக் கோடையில் டார்ம்ஸ்டாட்டுக்குப் பக்கத்தில் பழைய அமெரிக்கக் கார்களின் ஒன்றுகூடல் நடந்தது. நான் போகப் புறப்பட, ராணியும் அதிசயமாக வாறன் என்றாள். புல்வெளியில் நூறு கார்கள் பளபளத்தன. பச்சை நிறம் தூரத்திலேயே தெரிந்தது. பொனற் திறந்திருந்தது. இப்போது அதை வைத்திருப்பவர் ஸ்டெஃபனின் மகள், தலையில் நரை விழத் தொடங்கிய மனுசி. என்னை அவருக்குத் தெரியாது. இரண்டு பேர் குனிந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"முழுக் காரும் தங்கம். இந்த ஒரு இடத்தை மட்டும் ஆரோ நாசமாக்கி விட்டிருக்கிறான்," என்றார் ஒருவர். "வெல்டிங் தெரியாத ஆள்."

"தெரியாத ஆள் இல்லை. அப்பா அதைத் தொட விடவே மாட்டார்," என்றார் அந்த மனுசி. "அது இல்லாட்டி இந்தக் கார் தெருவுக்கே வந்திராது எண்டு சொல்லுவார்."

நான் முன்னுக்குப் போனேன். "அது நான்தான்," என்றேன்.

மூவரும் என்னைப் பார்த்தார்கள். குறை சொன்னவர் முகம் சிவந்து, "அப்ப ஏன் முடிக்காமல் விட்டனீங்கள்?" என்றார்.

"முடிஞ்சுது. அதுதான் முடிஞ்ச வேலை."

ராணி டொச்சில் கெட்டிக்காரி, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றாள். இந்தக் கதையை முப்பத்தைந்து வருடமாக நான் சொல்லக் கேட்டவள், ஒருநாளும் ஒட்டைக் கண்டதில்லை. கைப்பையை என்னிடம் தந்துவிட்டுக் குனிந்தாள். கோணல் மூலையில் இருந்து தொடங்கி, விரலால் அந்தச் சொரசொரப்பின் மேல் மெல்ல ஒரு சுற்றுத் தடவினாள்.

"இதாலையோ நான் வந்தனான்?" என்று கேட்டாள்.

"ஓம்," என்றேன்.